தேங்காய்த் தீவின் துவான்கள்

குட்டி அரசுகளைப் பற்றிய கதைகளுக்கு ஒரு தனி இனிமை உண்டு. பெரும் சாம்ராஜ்யங்களின் வரலாற்றில் படையெடுப்பும் பஞ்சமும் வரும். குட்டி அரசின் கதையிலோ, அரசன் மாடியில் நின்று கூப்பிட்டால் குடிமகனின் காதில் விழும். 1894 இல் ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி ஹோப் ‘ஜெண்டாவின் கைதி’ என்ற நாவலில் ரூரிட்டானியா என்னும் கற்பனை நாட்டைப் படைத்தார். அரசனின் சாயலில் இருக்கும் ஓர் ஆங்கிலேயன் சில நாட்கள் அரசனாக நடிப்பதே கதை. 1955 இல் லியோனார்ட் விபர்லி ‘கர்ஜித்த எலி’ என்ற நகைச்சுவை நாவலை எழுதினார். அதில் வரும் கிராண்ட் ஃபென்விக் என்ற சின்னஞ்சிறு நாடு, தோற்றால் உதவிப் பணம் கிடைக்கும் என்ற கணக்கில் வில்லும் அம்புமாக அமெரிக்காவின் மீது போர் தொடுத்து, தவறுதலாக வென்றுவிடுகிறது. 1900 இல் வெளிவந்த ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ வேறு வகை. மானமிழந்த வெள்ளைக்கார மாலுமி ஒருவன் மலாய் மக்கள் வாழும் ஒதுக்குப்புறமான ஓர் ஊருக்குச் சென்று அவர்களின் தலைவனாகிறான். அம்மக்கள் அவனைத் ‘துவான்’ என்று அழைக்கிறார்கள். மலாய் மொழியில் எசமான், பிரபு என்று பொருள்படும் சொல் அது.

இம்மூன்று கதைகளிலும் வாசகர் அரசனுக்குப் பக்கத்தில் நின்றே நாட்டைப் பார்க்கிறார். குடிமகனின் கூலி என்ன, அதை அவன் எந்தக் கடையில் செலவழிக்கிறான், பிடிக்காவிட்டால் ஊரை விட்டுப் போக அவனுக்கு வழி உண்டா என்ற கேள்விகள் கதைக்குத் தேவைப்படுவதில்லை. வரலாற்றை வாசிக்கும் நமக்கு அவை தேவைப்படுகின்றன. அதனாலேயே, உண்மையில் இருந்த ஒரு குட்டி அரசை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டோம். அதன் ‘அரசர்கள்’ ஸ்காட்லாந்து வம்சாவளியினர். குடிமக்களோ ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள்.

இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தென்மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் கொக்கோஸ் தீவுகள் இருக்கின்றன. கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள். 1609 இல் இவ்வழியே சென்ற வில்லியம் கீலிங் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவரின் பெயர் அது. மொத்தம் 27 பவளத் தீவுகள். அனைத்தையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். மத்ரஸாச் சுவரில் நாம் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அவற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 1826 வரை அங்கே மனிதர் எவரும் குடியிருக்கவில்லை. தென்னை மட்டும் தானாக வளர்ந்து நின்றது.

அந்த ஆண்டில் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கில வணிகர் ஏறக்குறைய நூறு பேருடன் வந்து இறங்கினார். போர்னியோவின் பஞ்சர்மாசினில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்து, அங்கே தமக்கென ஓர் ஆட்சியை அமைக்க முயன்று தோற்றவர் அவர். உடன் வந்தவர்கள் அவருடைய அடிமைகள், பெரும்பாலும் மலாய் இனத்தவர். பெண்கள் பலர். அவர்களை ஹேர் எந்த நிலையில் வைத்திருந்தார் என்பதைக் குடும்பத்தோடு வாசிக்கும் பக்கத்தில் விரித்துரைக்க விரும்பவில்லை. அடுத்த ஆண்டில், முன்பு ஹேரிடம் கப்பல் தலைவராக வேலை பார்த்த ஜான் குளூனிஸ் ராஸ் என்ற ஷெட்லாந்துக்காரர் தம் குடும்பத்தோடு வந்து குடியேறினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹேரிடம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ராஸ் பக்கம் போய்ச் சேர, சில ஆண்டுகளில் ஹேர் தீவை விட்டே போய்விட்டார். மிஞ்சிய ராஸ் முதல் துவான் ஆனார்.

1836 ஏப்ரலில் சார்ல்ஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் இத்தீவை அடைந்தது. டார்வின் பவளப்பாறைகளை ஆராயத்தான் வந்தார்; ஆனாலும் மனிதர்களையும் கவனித்தார். இம்மலாய் மக்கள் பெயரளவில் சுதந்திரமானவர்கள், நடத்தையில் கொடுமை இல்லை, ஆனால் மற்றப் பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்ற பொருளில் எழுதி வைத்தார். சில நாட்களே தங்கிய ஒரு விருந்தாளி கண்டது, அடுத்த நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் பெருமளவு பொருந்தியது என்பதுதான் வியப்பு.

பிரித்தானியா 1857 இல் தீவுகளைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டது. 1886 இல் விக்டோரியா அரசி அவற்றைக் குளூனிஸ் ராஸ் குடும்பத்துக்கே நிரந்தர உரிமையாக எழுதிக் கொடுத்தார். சட்டத்தின்படி ராஸ் அரசரல்லர், ஒரு தென்னந்தோப்பின் உரிமையாளர் மட்டுமே. ஆனால் நாடு முழுவதும் ஒரே தோப்பாக இருக்கும்போது, தோப்புக்காரருக்கும் அரசருக்கும் என்ன வேறுபாடு?

அந்த ஆட்சி எப்படி இயங்கியது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். ஆண்கள் தேங்காய் பொறுக்கி மட்டை உரித்தார்கள். கொப்பரை காயவைத்து ஏற்றுமதி செய்யப்பட்டது. விற்பவர் துவான். அதற்குக் கூலியாக முதலில் ஆட்டுத்தோலில் எழுதிய சீட்டுகளும், 1913 முதல் தந்தம் போன்ற பிளாஸ்டிக் வில்லைகளும் கொடுக்கப்பட்டன. அதன் பெயர் கொக்கோஸ் ரூபாய். அது செல்லும் இடம் உலகில் ஒன்றே ஒன்று: துவானின் கடை. அரிசியும் துணியும் அங்கேதான். விலை வைப்பவரும் அவரே. கூலி எவ்வளவு, பொருள் என்ன விலை, வேலை எவ்வளவு என்ற மூன்றும் ஒரே கையில் இருந்தன. தீவை விட்டுப் போக விரும்பியவருக்குத் தடையில்லை. ஆனால் போனவர் திரும்பி வர அனுமதியில்லை. தாயையும் தமக்கையையும் இனிக் காண முடியாது என்று தெரிந்தபின் எத்தனை பேர் படகேறத் துணிவார்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரைக் கடனோடு கட்டிப்போட்ட ‘துண்டு’ முறையை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே குறைந்தது பக்கத்துத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இங்கே சுற்றிலும் கடல்.

ஃபிக்ஹுப் பாடத்தில் இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தைக் கற்பிக்கும்போது, கூலி இன்னதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், பெற்றபின் அது உழைத்தவனின் முழு உடைமை என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். உழைப்பவனின் கூலியைத் தாமதப்படுத்தக் கூடாது என்ற நபிகளாரின் (ஸல்) கட்டளை எல்லோரும் அறிந்ததே. கொக்கோஸில் கூலி தாமதமாகவில்லை, வாரம் தவறாமல் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கொடுத்தவரிடமே திரும்பிச் செல்வதைத் தவிர வேறெதற்கும் பயன்படாத ஒரு வில்லையை முழு உடைமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

துவான்களின் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அங்கே பட்டினி இருக்கவில்லை. வீடும் மருத்துவமும், முதியோருக்கு உதவிப்பணமும் தோப்பின் செலவில் கிடைத்தன. இரண்டாம், மூன்றாம் துவான்கள் மலாய்ப் பெண்களையே மணந்தார்கள். ஐந்தாவதும் கடைசியுமான ஜான் செசில் குளூனிஸ் ராஸ் வெறுங்காலுடன், இடுப்பில் கத்தியுடன் தீவைச் சுற்றி வருவார் என்று அங்கே சென்ற செய்தியாளர்கள் எழுதினார்கள். நாவலாசிரியர் ஒருவர் பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்.

நாவலுக்குரிய இன்னொரு சம்பவமும் இத்தீவில் நடந்தது. அதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டனை அறியாத தமிழர் இல்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் பேசுகிறோம். அந்த எம்டனின் கதை முடிந்தது கொக்கோஸில்தான். நவம்பர் 9 அன்று அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க வந்த அதனை ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி தாக்கி, வடகீலிங் தீவின் பாறையில் ஏறி நிற்கச் செய்தது. கரையில் இறங்கியிருந்த ஐம்பது ஜெர்மானியரும் ராஸ் குடும்பத்தின் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினார்கள். அக்கப்பலின் பெயர் ஆயிஷா. சுமத்ராவின் பாடாங் வரை அதில் சென்று, பின்பு வேறு கப்பலில் யமனின் ஹுதைதா துறைமுகத்தை அடைந்து, அரபுப் பாலைவனம் கடந்து, ஹிஜாஸ் இரயிலைப் பிடித்து அவர்கள் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் கொக்கோஸ் ஒரு சோகத்தைக் கண்டது. 1942 மே மாதத்தில் அங்கே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தார்கள். அவர்களில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இவ்வளவு நடந்தும், மட்டை உரித்த மக்களின் பெயர் இச்சம்பவங்கள் எதிலும் வருவதில்லை. அவர்கள் யார்? பாலி, மதுரா, சுலவேசி, சும்பாவா, தீமோர், மலாக்கா, பினாங்கு, பத்தாவியா என்று பல ஊர்களிலிருந்து பிடித்தும் வாங்கியும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கப்பலில் ஏறியபோது அவர்கள் ஒரே இனமல்லர். சொந்த ஊரின் ஆட்சியோ, நூலோ, செல்வமோ அவர்களிடம் இருக்கவில்லை. ஆயினும் சில தலைமுறைகளில் மலாய் மொழியாலும் தீனாலும் ஒரே சமூகமாகிவிட்டார்கள். தொழுகையும் நோன்பும் பெருநாளும், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பதும் அந்த 14 சதுர கிலோமீட்டருக்குள் தொடர்ந்து நடந்தன. மத்ரஸாவில் பாடம் நடத்தும் நாம், இந்த ஒன்றைக் கடந்துபோக முடியாமல் நின்றுவிடுகிறோம். அந்த ஆசிரியர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. துவான்கள் ஐவரின் பெயரும் வரிசையாக இருக்கிறது.

உலகப் போருக்குப் பின் மக்கள்தொகை சுமார் 1,800 ஆக உயர்ந்தது. தோப்பால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தார்கள். வடபோர்னியோவுக்கு, அதாவது இன்றைய சபாவுக்குப் போனவர்களின் சந்ததியார் தவாவ், லஹாட் டத்து பகுதிகளில் இன்றும் கொக்கோஸ் மக்கள் என்றே அறியப்படுகிறார்கள். தீவில் சில நூறு பேரே எஞ்சினார்கள்.

1955 இல் பிரித்தானியா தீவுகளை ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. ஆட்சி மாறியது, வில்லை மாறவில்லை. 1974 இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு வந்து பார்த்தபின்னரே நெருக்கடி கூடியது. 1978 இல் ஆஸ்திரேலிய அரசு 62 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து, ராஸின் மாளிகையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் தவிர மற்ற அனைத்தையும் வாங்கியது. கொடுக்காவிட்டால் சட்டப்படி எடுத்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கையின் கீழ் நடந்த விற்பனை அது. பின்னர் ராஸைத் தீவிலிருந்தே அகற்றுவதற்காக அந்த மாளிகையையும் கட்டாயமாகக் கையகப்படுத்த அரசு முனைந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். ஒருவரை வெளியேற்றுவதற்காக மட்டும் அவர் வீட்டைப் பறிக்க இச்சட்டம் இடம் தரவில்லை என்று 1984 இல் உயர் நீதிமன்றம் ராஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியென்றே நாம் கருதுகிறோம். ஐந்து தலைமுறையாகப் பிறர் திரும்பி வரும் உரிமையைத் தன் கையில் வைத்திருந்த குடும்பத்துக்கும் சொந்த வீட்டில் இருக்கும் உரிமை உண்டு. ஆனாலும் அவரது கப்பல் நிறுவனத்துக்கு அரசின் சரக்கு மறுக்கப்பட்டு, அவர் நொடித்துப்போய்ப் பெர்த் நகரில் வாழ்ந்து 2021 இல் இறந்தார்.

அதே 1984 இல், ஏப்ரல் 6 அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர்கள் முன்னிலையில் தீவு மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: தனி நாடா, ஆஸ்திரேலியாவோடு தளர்ந்த இணைப்பா, முழு இணைப்பா? உங்கள் மார்க்கமும் பழக்கவழக்கங்களும் மதிக்கப்படும் என்று ஆஸ்திரேலியா வாக்குறுதி அளித்திருந்தது. பதிவான வாக்குகள் 261. தனி நாட்டுக்கு 9 பேரும் தளர்ந்த இணைப்புக்கு 21 பேரும் வாக்களித்தார்கள். 229 பேர் முழு இணைப்பைத் தேர்ந்தார்கள். தமக்கென ஒரு குட்டி நாடு என்ற யோசனையில் அவர்களுக்குப் பெரிய கவர்ச்சி இருக்கவில்லை போலும்.

இன்று ஹோம் தீவு என்ற சிறு தீவில்தான் கொக்கோஸ் மலாய் மக்கள் வாழ்கிறார்கள். பள்ளிவாசல் இருக்கிறது. செலாவணி ஆஸ்திரேலிய டாலர். பழைய வில்லைகளை நாணயம் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அங்கே அரசு விடுமுறை. ஏப்ரல் 6 உம் விடுமுறைதான்.