சராசரி மறைத்ததும் சமன்பாடு காட்டியதும்

எண்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். பள்ளிச் சிறுவர்களும் அறிந்த கணக்கு இது. ஆனால் இதுவே சில வேளைகளில் ஆராய்ச்சியாளரையும் ஏமாற்றிவிடும். மரபணு ஆய்வின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

கதை ஒரு வயலில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பல பத்தாண்டுகளின் விளைச்சல் குறிப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய 1919இல் ரொனால்டு ஃபிஷர் பணியேற்றார். விளைச்சல் கூடியது உரத்தாலா, விதையாலா, மண்ணாலா? 1923இல் அவரும் மெக்கென்சியும் 12 உருளைக்கிழங்கு வகைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் பிரித்தறிய முற்பட்டனர். விளைச்சலைப் பொது அளவு, விதையின் பங்கு, உரத்தின் பங்கு, தற்செயல் வேறுபாடு ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக எழுதுவதையே நேரியல் மாதிரி என்கிறோம்.

வயலில் பிறந்த இக்கணக்கு மரபணுவுக்கு எப்படி வந்தது? 1995இல் ஸ்டான்ஃபோர்டு அறிவியலாளர்கள் கண்ணாடித் தகட்டில் மரபணுப் புள்ளிகளை இட்டு, அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியின் 45 மரபணுக்கள் எந்த அளவுக்குச் செயற்படுகின்றன என்பதை ஒரே சமயத்தில் அளந்தனர். விரைவில் இவ்வெண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிற்று. சராசரி இரு மடங்கு மாறினால் அம்மரபணுவுக்கு நோயில் பங்குண்டு என்று பலர் முடிவு கட்டினர்.

இதிலுள்ள ஆபத்தைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் காண்போம். முதல் நாள் நலமானவர் ஒருவரையும் நோயாளிகள் மூவரையும் சோதிக்கிறோம். எல்லோருக்கும் அளவு 6. மறுநாள் நலமானவர் மூவர், நோயாளி ஒருவர்; கருவியின் போக்கு மாறியதால் எல்லோருக்கும் அளவு 10. நலமானவர் சராசரி 9, நோயாளிகள் சராசரி 7! நோய் மரபணுவைத் தாழ்த்தியது போல் தோன்றுகிறதல்லவா? உண்மையில் மாறியது நாள்தான். நாளின் பங்கைத் தனியே பிரிக்கும் நேரியல் மாதிரி, நோயின் பங்கு சுழி என்று காட்டிவிடும்.

2000இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த கெர், சர்ச்சில் முதலியோர் ஃபிஷரின் வழியில் தகடு, சாயம், மரபணு ஆகியவற்றின் பங்குகளைப் பிரித்தனர். 2004இல் மெல்போர்னில் கார்டன் ஸ்மித் மேலும் ஓர் அடி வைத்தார். மூன்று நான்கு அளவீடுகளே இருக்கும்போது, ஒரு மரபணுவின் தற்செயல் வேறுபாட்டை நம்பகமாகக் கணிக்க முடியாது. எனவே மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களிலிருந்து அதற்குத் துணை தேடிக்கொண்டார். இம்முறையைக் கொண்ட 'லிம்மா' என்ற கணிப்பொறி நிரல் இன்றும் பயன்படுகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நலமானவர் அனைவரையும் ஒரு நாளிலும் நோயாளிகள் அனைவரையும் மறுநாளிலும் சோதித்தால், நாளையும் நோயையும் எந்தச் சமன்பாட்டாலும் பிரிக்க இயலாது. சோதனையைத் தொடங்குமுன்னரே திட்டமிட வேண்டும் என்று ஃபிஷர் வலியுறுத்தியது இதனாலேயே. உழவன் விதைக்குமுன் வயலைப் பண்படுத்துவது போன்றதே அது.