வரியும் அலகும்: யூனிக்ஸ் கருவிகளில் பல்வரி வெளியீட்டை மறுவடிவமைத்த வரலாறு

முன்னுரை

கணினிக்கு ஒரு கட்டளையை இட்டால் அது தரும் விடை பெரும்பாலும் வரிவரியாகவே வந்து சேர்கிறது. ஒரு செய்தி ஒரே வரிக்குள் அடங்குமாயின் அதனைத் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் எண்ணுவதும் எளிது. ஒரு செய்தி பல வரிகளில் பரந்து நிற்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. திருக்குறளின் 1330 குறட்பாக்களை அடிக்கு ஒரு வரியாக 2660 வரிகளில் உள்ளிட்டு, அதில் ஒரு சொல்லைத் தேடினால் கருவி தருவது குறளன்று. அச்சொல் இடம்பெறும் ஓர் அடி மட்டுமே. இவ்வகைப் பல்வரிப் பகுதிகளை வேண்டிய வடிவுக்கு மாற்றும் கருவிகள் 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் உருவாயின. அவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வரி என்பது கருவியின் அலகு. பொருளின் அலகு எது என்பதை வரையறுக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

அட்டையும் வரியும்

ஐபிஎம் நிறுவனம் 1928இல் 80 நிரல்கள் கொண்ட துளை அட்டையை அறிமுகப்படுத்தியது. பின்வந்த பெருங்கணினிகள் பலவற்றில் ஒரு பதிவின் நீளத்தை முன்கூட்டியே வரையறுக்கும் வழக்கம் நிலைத்திருந்தது. 1969இல் நியூஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் அமைந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இவ்வழக்கத்திலிருந்து விலகியது. அதில் கோப்பு என்பது பைட்டுகளின் தொடர் மட்டுமே. ஒரு வரி முடிந்தது என்பதை உணர்த்த ஒரே ஒரு குறி போதுமானதாயிற்று. அக்குறியை நீக்கினால் இரு வரிகள் ஒன்றாகும். இடையில் சேர்த்தால் ஒரு வரி இரண்டாகும். பிற்கால மறுவடிவமைப்புக் கருவிகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம் எனலாம்.

யூனிக்ஸின் தொடக்கப் பயனர்கள் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையினர் என்பது குறிப்பிடத்தக்கது. காப்புரிமை விண்ணப்பங்களை வரி எண்களுடன் அச்சிட 1971இல் அவர்கள் இதனைப் பயன்படுத்தினர். அங்கு வழங்கிய ராஃப் என்னும் பக்க வடிவமைப்புக் கருவியின் வழிவந்தவை இருநிலைகளைப் பிரித்தறிந்தன. ஒன்று, வரிகளைச் சேர்த்துப் பக்க அகலத்திற்கேற்ப நிரப்பும் நிலை. மற்றொன்று, உள்ளிட்ட வரிகளை அவ்வாறே காக்கும் நிலை. முன்னது உரைநடைக்கு ஏற்றது. பின்னது செய்யுளுக்கும் அட்டவணைக்கும் ஏற்றது. எந்நிலை வேண்டும் என்பதைப் பனுவலை அறிந்தவரே குறித்துக் காட்ட வேண்டியிருந்தது.

குழாயும் கருவிகளும்

நிரல்களைத் தோட்டக் குழாய்களைப்போல ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964 அக்டோபரில் எழுதினார். 1973இல் தாம்சன் அக்கருத்தை யூனிக்ஸில் செயல்படுத்தினார். அதன்பின் ஒரு கட்டளையின் வெளியீடு நேரே மற்றொரு கட்டளையின் உள்ளீடாயிற்று. ஒரு நிரலின் வெளியீடு இன்னும் எழுதப்படாத வேறொரு நிரலுக்கு உள்ளீடாகக்கூடும் என எதிர்பார்த்தே எழுத வேண்டும் என்னும் நெறியையும் 1978இல் மெக்கில்ராயும் உடனாளர்களும் வகுத்தனர்.

வரிகளுக்குள் தேடும் கிரெப் 1973இல் தோன்றியது. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் ஆசிரியர் எவர் என்பதை லீ மக்மேகன் ஆராய முற்பட்டபோது, அக்காலத் தொகுப்பியில் அப்பெரும் பனுவல் அடங்கவில்லை. அத்தேவையே கிரெப் பிறக்கக் காரணமாயிற்று எனப் பிரையன் கெர்னிகன் நினைவுகூர்ந்துள்ளார். இலக்கிய ஆய்வின் தேவை ஒரு கணினிக் கருவியை ஈன்ற நிகழ்வாக இதனைக் கொள்ளலாம். பின்னர் மக்மேகன் உருவாக்கிய செட் கருவி, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் கொள்ளாமல் வரிவரியாகத் திருத்தியது. எனினும் அடுத்த வரியைக் கையிலுள்ள வரியோடு இணைத்துக்கொள்ளும் கட்டளையும், ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைக்கும் இடமும் அதில் அமைந்தன. வரி என்னும் எல்லையைக் கடக்கும் முயற்சி இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

அலகை உணர்த்தும் மூன்று வழிகள்

பல வரிகள் சேர்ந்து ஓர் அலகாவதைக் கருவிக்கு உணர்த்த மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது வெற்று வரி. ஆல்பிரட் ஏகோ, பீட்டர் வைன்பர்கர், கெர்னிகன் ஆகியோர் 1977இல் உருவாக்கிய ஆக் மொழியில், பதிவுகளைப் பிரிக்கும் குறியை வெறுமையாக விட்டால் வெற்று வரியே பதிவின் எல்லையாகும். மைக்கேல் லெஸ்க்கின் ரெஃபர் என்னும் நூற்பட்டியல் கருவியும் இம்முறையையே கையாண்டது. அதில் ஆசிரியர், தலைப்பு முதலியன தனித்தனி வரிகளில் அமைய, நூலுக்கும் நூலுக்கும் இடையே வெற்று வரி நின்றது.

இரண்டாவது உள்தள்ளல். பெர்க்லி யூனிக்ஸின் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை, வலையமைப்பு இடைமுகத்தின் பெயரை வரித்தொடக்கத்திலும் அதன் விவரங்களை உள்தள்ளிய வரிகளிலும் தந்தது. தொடக்கத்தில் இடைவெளியுள்ள வரியை முந்தைய வரியோடு சேர்த்தால் இடைமுகம் ஒவ்வொன்றும் ஒரு வரியாகிவிடும்.

மூன்றாவது எண்ணிக்கை. பேஸ்ட் கருவி குறித்த எண்ணிக்கையிலான வரிகளை அடுத்தடுத்து இணைக்கும். ஈரடிக் குறளுக்கு இம்முறை மிகவும் பொருந்துவதுபோலத் தோன்றும்; ஆயினும் இடர் மிகுந்தது இதுவே. கோப்பில் 133 அதிகாரத் தலைப்புகளும் வரிக்கு ஒன்றாக இருப்பின் ஒவ்வோர் அதிகாரமும் 21 வரிகளாகும். இரண்டிரண்டாக இணைக்கும்போது முதல் தலைப்பு முதற்குறளின் முதலடியோடு சேரும். அவ்வதிகாரத்தில் ஒவ்வொரு குறளின் ஈற்றடியும் அடுத்துவரும் வரியோடு பிழைபட இணையும். இரண்டாம் தலைப்பு வந்ததும் வரிசை தானே சீராகிவிடும். எனவே ஒற்றைப்படை எண்ணுடைய 67 அதிகாரங்களில் 670 குறட்பாக்கள் சிதைய, எஞ்சிய 66 அதிகாரங்கள் செம்மையாக நிற்கும். கருவி எப்பிழையையும் அறிவிக்காது. இரண்டாம் அதிகாரத்தை மட்டும் சரிபார்க்கும் ஆய்வாளர் முழுக்கோப்பும் செம்மையானது என்றே கொள்வார்.

எழுத்தின் எல்லை

ஒரு பனுவலில் மிகுதியாக வரும் சொற்களைப் பட்டியலிடும் சிக்கலுக்கு டொனால்டு கனூத் எழுதிய விரிவான நிரல் 1986இல் ஜான் பென்ட்லியின் இதழ்ப்பகுதியில் வெளிவந்தது. அதனைத் திறனாய்ந்த மெக்கில்ராய், ஆறு கட்டளைகளைக் குழாயில் கோத்து அதே பணியை முடித்துக் காட்டினார். அவரது முதற்கட்டளை செய்ததும் மறுவடிவமைப்பே. எழுத்தல்லாத குறிகளை வரிமுறிப்பாக மாற்றி அது வரிக்கு ஒரு சொல்லை நிறுத்தியது. ஆனால் அதில் எழுத்து எனக் கொள்ளப்பட்டவை ஆங்கிலத்தின் பெரிய, சிறிய வடிவங்கள் 52 மட்டுமே. அக்கட்டளையை மாற்றாமல் தமிழ்ப் பனுவலுக்கு இட்டால் ஒரு சொல்லும் எஞ்சாது.

1992இல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 குறியேற்றம் இச்சிக்கலை ஓரளவு தீர்த்தது. வரிமுறிப்புக்குரிய பைட்டு அதில் வேறெந்த எழுத்தின் பகுதியாகவும் வாராது. எனவே வரிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் தமிழுக்கும் தீங்கற்றவை. எழுத்தெல்லை அத்தகையதன்று. ‘தமிழ்’ என்னும் சொல் தமிழ் இலக்கணப்படி மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறியீட்டெண். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 15 பைட்டு. ஒருங்குறி புள்ளியை எழுத்தாக அன்றி, எழுத்தோடு சேரும் குறியாக வகைப்படுத்துகிறது. அதனால் எழுத்து வகையை மட்டும் ஏற்கும் கருவி புள்ளி வந்த இடத்தில் சொல்லை முறித்துவிடும். ஆக் மொழிக்கான நூலின் இரண்டாம் பதிப்பு 2023இல் வெளிவந்தபோதே கெர்னிகன் பேணிவரும் மூலக் கருவியில் யுடிஎஃப்-8 ஆதரவு முறையாக இடம்பெற்றது.

சுவடியும் கோப்பும்

வரிக்கும் அலகுக்கும் இடையிலான இம்முரண் தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் செய்யுள் அடி பிரிக்கப்படாது தொடர்ந்து எழுதப்பட்டது. ஓலையின் விளிம்பே வரியை முடித்தது. யாப்பறிவு கொண்டே பதிப்பாசிரியர்கள் அடிகளை வரையறுத்தனர். ஓலையின் வரியை யாப்பின் அடியாக அவர்கள் மயங்கவில்லை. கோப்பின் வரியைப் பொருளின் அலகாக மயங்காதிருப்பதும் அதே அறிவின் தொடர்ச்சியாகும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. மூலக் கோப்பு மாற்றமின்றிக் காக்கப்பட வேண்டும். வரிகளை இணைக்கும்போது வெறும் இடைவெளியால் இணைக்காமல், பனுவலில் வேறெங்கும் வாராத ஒரு குறியால் இணைத்தல் வேண்டும். அவ்வாறு இணைத்ததையே மீண்டும் அடிகளாகப் பிரிக்க இயலும். இணைத்தபின் அலகுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வோர் அலகின் அமைப்பையும் சரிபார்த்தல் வேண்டும். தலைப்புகளை நீக்காத குறட்கோப்பில் 1330க்கு மாறாக 1397 வரிகள் கிடைக்கும். அந்த எண்ணே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லடைவும் அகராதியும் இத்தகைய கோப்புகளிலிருந்து உருவாகும் காலத்தில், இணைப்பில் நேரும் ஒரு வழு அதன் வழிவரும் ஆய்வுகளிலெல்லாம் தொடரும். அலகை வரையறுப்பது பதிப்புப் பணியின் பகுதியே என உணரப்படுமாயின் அவ்வழு தொடக்கத்திலேயே களையப்படும்.