கோழி ரத்தத்தில் இரண்டு சாயங்கள்

உட்கருவைப் பார்த்துப் பழக நாமக்கல்காரர்களுக்குக் கோழி ரத்தத்தைவிட நல்ல பொருள் கிடைக்காது. மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. கோழியின் சிவப்பணு ஒவ்வொன்றிலும் உண்டு. ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 25 முதல் 35 லட்சம் செல்கள். முட்டைப் பண்ணைகளும், 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊரில் இது கையருகே இருக்கும் செல்வம்.

அந்த ரத்தத்தின் ஒரே துளியில் ஜீம்சா, டாப்பி என்ற இரண்டு சாயங்களை ஒப்பிடலாம். ஜெர்மானியரான குஸ்டாவ் ஜீம்சா 1904 வாக்கில் செம்மைப்படுத்திய சாயம் முன்னது. மெத்தனாலில் பதப்படுத்திய ஸ்லைடு, சாதாரண நுண்ணோக்கி, அவ்வளவு போதும். உட்கரு ஊதாவாகவும் செல்லின் உடல் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஹெட்டரோஃபில் என்ற வெள்ளையணுவின் செங்கல் நிறத் துகள்களும் தெரிவதால், அதை லிம்போசைட் என்ற மற்றொரு வெள்ளையணுவிலிருந்து பிரித்து எண்ணலாம். கோடை வெப்பத்தில் கோழிக்கு அழுத்தம் கூடினால் ஹெட்டரோஃபில் விகிதம் ஏறும். சேலம், நாமக்கல் சமவெளியின் கூண்டுப் பண்ணைகளுக்கு இந்தக் கணக்கு மிகத் தேவை. ரத்த ஒட்டுண்ணியும் இதே ஸ்லைடில் அகப்படும்.

டாப்பி 1971இல் ஜெர்மனியில் ஓட்டோ டானின் ஆய்வகத்தில், டிரிப்பனோசோம் நோய்க்கு மருந்து தேடும்போது உருவானது. டிஎன்ஏவைப் பற்றியதும் பல மடங்கு பிரகாசமாகும். சுமார் 358 நானோமீட்டர் புற ஊதாவை வாங்கி 461இல் நீலமாக ஒளிரும். கறுப்புப் பின்னணியில் உட்கரு மட்டும் தெரிவதால், கணினியால் எண்ணுவதும் அளப்பதும் எளிது. ஆனால் ஒளிர் நுண்ணோக்கி வேண்டும், பார்க்கப் பார்க்க ஒளி மங்கும், துகள்களின் நிறத்தைக் காட்டாது.

இதைவிட முக்கியமான குறை ஒன்றுண்டு. டாப்பி அடினின், தைமின் மிகுந்த பகுதியையே விரும்பிப் பற்றும். கோழியின் 78 குரோமோசோம்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. குவானின், சைட்டோசின் அடர்ந்த, ஜீன்கள் செறிந்த அந்தத் துணுக்குகள் டாப்பியில் மங்கலாகவே தெரியும். பிரகாசத்தை மட்டும் நம்பினால், ஜீன்கள் நெருங்கிய இடத்தையே நாம் குறைத்து மதிப்பிடுவோம்.

பண்ணையின் நோய் அறிய ஜீம்சாவே முதல் தேர்வு. உட்கருக்களை எண்ணவும் அளக்கவும் டாப்பி சிறந்தது. கோழிக் குரோமோசோம் ஆய்வில் குவானின், சைட்டோசின் பகுதியைப் பற்றும் குரோமோமைசின் போன்ற சாயத்தையும் அதனுடன் சேர்த்தே பயன்படுத்துங்கள்.