மண் ஈரமும் வேர்க் கிளைத்தலும்

தாவர வேரில் பக்கவேர்கள் எங்கே தோன்றும், எங்கே தோன்றா என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் மண்ணில் உள்ள நீர் முதன்மையானது. ஆக்சின், அப்சிசிக் அமிலம் ஆகிய இரு தாவர ஹார்மோன்களின் வழியாக இது நடைபெறுகின்றது. புதிய வேரை உருவாக்கத் தாவரம் தன் உணவைச் செலவிட வேண்டும். நீரற்ற இடத்தில் கிளைக்கும் வேர் அச்செலவை ஈடு செய்யாது. எனவே வறண்ட சூழலில் ஒரு தாவரம் பிழைப்பதற்கு, சரியான இடத்தில் கிளைப்பது இன்றியமையாததாகும்.

பக்கவேர் உருவாதல்

பக்கவேர்கள் வேரின் மேற்பரப்பில் தொடங்குவதில்லை. கடத்தும் திசுக்களைச் சூழ்ந்துள்ள பெரிசைக்கிள் என்னும் உள்ளடுக்கின் சில செல்கள் பிரிவடைந்து, வெளியடுக்குகளைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன. இச்செல்பிரிவைத் தூண்டும் ஹார்மோன் ஆக்சின் ஆகும்.

ஈரப்பக்கக் கிளைத்தல்

ஒரு வேரின் ஒரு பக்கம் ஈரத்தையும் மறுபக்கம் காற்றையும் தொட்டுக்கொண்டிருந்தால், பக்கவேர்கள் பெரும்பாலும் ஈரப்பக்கத்திலேயே தோன்றுகின்றன. அரபிடாப்சிஸ், நெல், மக்காச்சோளம் ஆகிய தாவரங்களில் இவ்வியல்பு காணப்படுவதை 2014 இல் வெளியான ஆய்வு விளக்கியது.

இதன் மூலக்கூற்று விளக்கம் 2018 இல் கிடைத்தது. ஆக்சினுக்குத் துலங்கி மரபணுக்களை இயக்கும் ஏ.ஆர்.எஃப்.7 என்ற புரதத்துடன் சுமோ எனப்படும் சிறு புரதம் இணையும்போது, அது ஓர் ஒடுக்கிப் புரதத்தால் பிணைக்கப்பட்டுச் செயலிழக்கின்றது. இதனால் காற்றுப்பக்கத்தில் கிளைத்தலுக்கான மரபணு இயக்கப்படுவதில்லை. ஈரப்பக்கத்தில் இத்தடை இல்லாமையால் கிளைத்தல் தொடங்குகின்றது.

வறட்சியில் கிளைத்தல் நிற்றல்

மண்ணில் உள்ள வெடிப்பு அல்லது இடைவெளியின் ஊடாக வளரும் வேர்நுனி, எல்லாப் பக்கங்களிலும் நீர்த்தொடர்பை இழக்கின்றது. அப்போது கிளைத்தல் முற்றிலும் நிற்கின்றது. வாற்கோதுமையில் செய்யப்பட்ட ஆய்வு, இதில் அப்சிசிக் அமிலத்தின் பங்கை 2018 இல் காட்டியது.

இது செயல்படும் முறையை 2022 இல் வெளியான ஆய்வு பின்வருமாறு விளக்குகின்றது:

* ஈரமண்ணில் நீர் வெளியிலிருந்து வேரின் உள்நோக்கிச் செல்கின்றது. ஆக்சினும் வெளியடுக்கிலிருந்து பெரிசைக்கிளை அடைகின்றது.
* நீர்த்தொடர்பு அறும்போது, வளரும் நுனிக்குப் புளோயம் திசுவே நீர் அளிக்கின்றது. அந்நீர் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றது. புளோயத்தில் உள்ள அப்சிசிக் அமிலமும் அதனுடன் வெளியடுக்குகளுக்குச் செல்கின்றது.
* அங்கு அது, செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்னும் நுண்வழிகளை அடைக்கின்றது. ஆக்சின் உள்ளே செல்ல இயலாமையால் பக்கவேர் தோன்றுவதில்லை.

இந்நிலை தற்காலிகமானது. நுனி மீண்டும் ஈரமண்ணைத் தொட்டதும், அதன்பின் வளரும் பகுதியில் கிளைகள் தோன்றுகின்றன. இடைவெளியில் வளர்ந்த பகுதி மட்டும் கிளையற்று இருக்கும்.

முக்கியத்துவம்

அப்சிசிக் அமிலம் வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் குறைப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. மேற்கண்ட ஆய்வுகள், அதே ஹார்மோன் வேரின் வடிவத்தையும் மாற்றுவதைக் காட்டுகின்றன. வேருக்குள் நீர் பாயும் திசையே ஹார்மோன்களின் பரவலை மாற்றுவதால், நீர் தாவரத்திற்கு உணவுத் தேவையாக மட்டுமன்றிச் செய்தியாகவும் அமைகின்றது. குறைந்த நீரைத் திறம்பட உறிஞ்சும் பயிர்வகைகளை உருவாக்க முனைவோருக்கு இவ்வறிவு பயன்படக்கூடும்.