பக்தாதின் கரீஃபும் ஒரு சமையல் ஏடும்

அரபு மொழியில் இலையுதிர் காலத்திற்குக் ‘கரீஃப்’ என்று பெயர். கனி கொய்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. நம் நாட்டில் ‘காரீப் பருவம்’ என்று வேளாண்மையில் வழங்குவதும் இச்சொல்லே.

அப்பாஸியரின் தலைநகரான பக்தாதில் கொடுங்கோடை தணிந்ததும் மாதுளையும் சஃபர்ஜலும் கனியும். சஃபர்ஜல் ஆப்பிளை ஒத்த மஞ்சள் கனி. பச்சையாக உண்டால் துவர்க்கும், வெந்தால் மணக்கும். இறைச்சியோடு அதனைச் சேர்த்துச் சமைப்பது சஃபர்ஜலிய்யா. மாதுளை சேர்த்தால் ரும்மானிய்யா.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அடுக்களையை நாம் எங்ஙனம் அறிகிறோம்? முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி என்பார் 1226இல் ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலை எழுதி வைத்தார். உலக இன்பங்களுள் உணவுக்கே முதலிடம் தந்தவர் அவர். கொத்தமல்லியும் கறுவாப்பட்டையும் சேர்க்கும் முறையைச் சொல்லி, முடிவில் பானையின் பக்கங்களைத் தூய துணியால் துடைத்து, தணிந்த நெருப்பில் சற்றே அமர விடுமாறு பல இடங்களில் கூறுகிறார். பொறுமை மிக்க கையொன்று நம் கண்முன் அசைகிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1258இல் ஹுலாகுவின் படை அந்நகரைச் சூறையாடியது. கலீஃபா கொல்லப்பட்டார், நூலகங்கள் பாழாயின. எனினும் அச்சிறு ஏடு பிழைத்தது. தாவூத் சலபி என்னும் அறிஞர் 1934இல் மோசுலில் அதனை அச்சேற்றினார்.

அரண்மனைகள் மறைந்தன, அடுப்பின் பதம் நிலைத்தது. ஒருவர் எழுதி வைத்ததே அதற்குக் காரணம். எழுதப்படாமல் மண்ணோடு மறைந்த கைப்பக்குவங்கள் எத்தனையோ! நம் இல்லத்து மூதாட்டியரிடம் கேட்டு எழுதி வைப்போமாக.