ஸ்கேனில் தெரியும் கிழிசலும் தோளில் இருக்கும் வலியும்

அமெரிக்க விளையாட்டு மருத்துவத்தில் பெயர்பெற்ற அறுவை நிபுணர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ், வலி என்று ஒரு வார்த்தை சொல்லாத 31 தொழில்முறை பேஸ்பால் வீச்சாளர்களின் தோள்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். 90 சதவீதம் பேருக்குக் குருத்தெலும்பில் கோளாறு, 87 சதவீதம் பேருக்குத் தசைநாண்களில் கோளாறு. 2003இல் வெளியான இன்னொரு ஆய்வு, கையை உயர்த்தி ஆடும் 20 வீரர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் 8 பேருக்கு ஆடும் கையின் தோளில் தசைநாண் கிழிந்திருந்தது. மற்றக் கையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாண்டு கழித்து விசாரித்தபோதும் அந்தக் கிழிசலால் எவருக்கும் தொல்லை வந்திருக்கவில்லை.

அப்படியானால், தோள் வலி என்றதும் ஸ்கேன் சென்டருக்கு ஓடி, "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்ற ரிப்போர்ட்டோடு வீரர் திரும்பும்போது அவர் கையில் இருப்பது நோயின் படமா, பல ஆண்டு உழைப்பின் தடமா? ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தோள் மூட்டின் அமைப்பே அப்படி. சின்னத் தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் போல, ஆழமில்லாத குழியில் மேற்கை எலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. அதை நிலைநிறுத்துவது சுற்றிலும் உள்ள நான்கு சிறு தசைகளும் குழியின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையமும்தான். பேஸ்பால் வீச்சின் உச்சத்தில் இந்த மூட்டு நொடிக்கு 7,000 டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. தேய்மானம் இல்லாவிட்டால்தான் வியப்பு.

ஆகவே நோயறிதல் தொடங்க வேண்டிய இடம் பரிசோதனை மேஜை. வீரரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்றுகொண்டு, கைகளை மெல்ல உயர்த்தச் சொன்னால் எந்தப் பக்கத் தோள்பட்டை எலும்பு தாளம் தப்புகிறது என்று கண்ணுக்கே தெரியும். அடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, முன்கையைத் தலைப்பக்கமாக மெல்லச் சாய்க்க வேண்டும். தோள் ஒருமுறை நழுவியவர் என்றால் வலிக்கு முன்பே முகத்தில் பயம் வந்துவிடும். மருத்துவர் மூட்டை முன்பக்கமிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் அந்தப் பயம் தணிகிறது. பயம் வருவதும் தணிவதும் சேர்ந்து சொல்வதை ஸ்கேன் சொல்லாது.

கிழிசல் தெரிந்தால் தைத்துவிடலாமே என்பது இயல்பான எண்ணம். குருத்தெலும்பு வளையத்தின் மேல்பகுதி பிய்ந்திருந்த 118 பேரிடம் நார்வேயில் இது சோதிக்கப்பட்டு, 2017இல் முடிவு வெளியானது. ஒரு பகுதியினருக்கு வளையத்தைத் தைத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தினார்கள். மீதிப் பேருக்குப் பெயரளவிலான அறுவை மட்டும். இரண்டாண்டு முடிவில் மூன்றாம் குழுவைவிட மற்ற இரண்டும் மேலாக இல்லை. இவர்களின் சராசரி வயது 40 என்பதால் இளம் வீச்சாளருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பவர் பதில் சொல்லியாக வேண்டிய ஆய்வு இது.

மறுப்பவர்கள் சுழற்பந்து வீச்சாளர்களைக் காட்டுவார்கள். 1998இல் ஷேன் வார்ன், 2001இல் அனில் கும்ப்ளே, 2004இல் முத்தையா முரளிதரன் என மூவருமே தோளில் அறுவை செய்துகொண்டு திரும்பி வந்தவர்கள். டெஸ்ட் விக்கெட்டுகள் முறையே 708, 619, 800. மறுக்க முடியாத சாதனைதான். ஆனால் திரும்பி வந்தவர்களின் பெயர்தான் நம் நினைவில் நிற்கிறது. அறுவைக்குப் பிறகு காணாமல் போனவர்களை யார் பட்டியலிட்டார்கள்?

தோள் கழன்றுபோவது வேறு கதை. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் பந்தைத் தடுக்கப் பாய்ந்த ஷ்ரேயாஸ் ஐயரின் இடது தோள் விலகியது. ஏப்ரலில் அறுவை, செப்டம்பரில் ஐ.பி.எல். களத்தில் இருந்தார். எலும்பு முன்பக்கமாக நழுவும்போது குழியின் முன் விளிம்பிலிருந்து வளையம் பிய்வதை ஆங்கில அறுவை நிபுணர் பேங்கார்ட் 1923இலேயே விவரித்திருக்கிறார். மோதி ஆடும் இளம் வீரருக்கு இது மறுபடி நழுவ வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு நழுவலும் எலும்பையும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், இங்கே காலம் தாழ்த்தாத அறுவையே பெரும்பாலும் நியாயமானது. ஒரே மூட்டின் இரு கோளாறுகளை ஒரே அளவுகோலால் அளப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது.

தடுப்பைப் பற்றித்தான் சான்று தெளிவாக இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. நார்வேயில் 45 முதல்நிலை ஹேண்ட்பால் அணிகளின் 660 வீரர்களிடம் நடந்த சோதனையில், பயிற்சிக்கு முந்தைய தயாரிப்போடு பத்து நிமிட உடற்பயிற்சி சேர்க்கப்பட்டது. தோளை வெளிப்புறம் சுழற்றும் தசைகளுக்கு வலு, உட்புறச் சுழற்சிக்கு நெகிழ்வு, தோள்பட்டை எலும்பின் கட்டுப்பாடு, முதுகின் அசைவு ஆகியவைதான் அதில் இருந்தன. தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது.

அதைவிட எளிது எண்ணி வைப்பது. அமெரிக்காவில் 11, 12 வயதுச் சிறுவர் ஒரு நாளில் 85 முறைக்கு மேல் பேஸ்பால் வீசக் கூடாது என்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். கிரிக்கெட்டில் ஓவர்களை எண்ணுகிறார்கள். எல்லைக் கோட்டருகிலிருந்து எறியும் எறிகளை எண்ணுவோர் அரிது. ஆஸ்திரேலியாவில் 28 வீரர்களிடம் நடந்த ஆய்வில், வாரத்துக்கு 75 எறிகளைத் தாண்டியவர்களுக்குக் கைக் காயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பயிற்சியாளரின் நோட்டில் எறிகளுக்கென்று ஒரு பத்தி சேர்க்க இதற்கு மேல் சான்று தேவையில்லை.