லாரி கட்டிய ரயில் சுரங்கம்

பி.காம். படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் வருகிற முதல் கேள்வி, "காசு எங்கிருந்து வந்தது?" ஸ்விட்சர்லாந்தின் கோத்தார்ட் ரயில் சுரங்கத்தைப் பற்றிப் படித்தபோதும் அதேதான். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர், 2016 ஜூனில் திறந்தார்கள்.

கதை லாரியில் ஆரம்பிக்கிறது. 1980-ல் கோத்தார்ட் சாலைச் சுரங்கம் திறந்ததும், இத்தாலிக்குப் போகிற வர்ற லாரியெல்லாம் அந்த மலைக் கிராமங்கள் வழியாகத்தான். சனங்க பொறுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வாக்கெடுப்பு வைத்து, நாட்டைக் கடந்து போகும் சரக்கு ரயிலில்தான் போகணும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்தார்கள். அரசாங்கம் வேண்டாம் என்று சொன்ன தீர்மானம் அது!

சரி, பணம்? 1998-ல் இரண்டு வாக்கெடுப்பு. செப்டம்பரில் லாரி வரிக்கு ஓகே, நவம்பரில் ரயில் நிதிக்கு ஓகே. 2001-லிருந்து வரி வசூல். லாரியின் எடை, ஓடிய தூரம், கக்கும் புகை, மூன்றையும் பார்த்துக் கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசுக்கு. ரயில் நிதியில் பெரும்பகுதி அந்தக் காசுதான். பெட்ரோல் வரியிலும் கொஞ்சம் எடுத்தார்கள். அங்கே ரயில் ஓடுவது பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் என்பதால், ரயிலேறும் ஒவ்வொரு டன்னுக்கும் டீசல் புகை மிச்சம்.

ஐரோப்பிய யூனியன் சும்மா விடுமா? பேரம் பேசி, 28 டன்னாக இருந்த லாரி எடை வரம்பை 2005-க்குள் 40 டன்னாக ஏற்ற வைத்தது.

2000-ல் ஆல்ப்ஸைக் கடந்த லாரிகள் 14 லட்சம். 2023-ல் சுமார் 9 லட்சம். சட்டம் கேட்டது ஆறரை லட்சம்.